ஓட ஓடப் பின்தங்கிய கடிகாரம்

மாணவர்களே, நெடுநேரம் அணைக்காமல் ஓடும் கணிப்பொறி மந்தமாவதைக் கண்டிருப்பீர்கள். வாங்கிய நினைவகத்தை நிரல்கள் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவது அதற்கு ஒரு காரணம். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பிழையும் இப்படிச் சேர்வதுண்டு.

1991 வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் பேட்ரியட் என்னும் எதிர்ப்பு ஏவுகணையின் கணிப்பொறி 100 மணி நேரம் இடைவிடாது ஓடியது. அது நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. 1/3 ஐத் தசமத்தில் எழுதிப் பாருங்கள், 0.333... என்று முடிவின்றி நீளும். இரும எண்ணில் 1/10 இன் கதியும் அதுவே. கணிப்பொறி அதை 24 பிட்டுகளோடு வெட்டிவிட்டது. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இழப்பு 0.000000095 விநாடிதான். (அற்பம் என்று நாமும் விட்டிருப்போம்!) 100 மணி நேரத்தில் 36 இலட்சம் எண்ணிக்கைகள். பெருக்கினால் 0.34 விநாடி வரும். அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

பிப்ரவரி 25 இரவு வந்த ஸ்கட்டை, அது இல்லாத இடத்தில் தேடிய பேட்ரியட் சுடவேயில்லை. 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர்.

அணைத்துப் போட ஒன்றிரண்டு நிமிடம் போதும். நெடுநேரம் ஓட்டினால் குறி பிசகலாம் என்ற எச்சரிக்கையும் முன்பே வந்திருந்தது. நெடுநேரம் என்றால் எத்தனை மணி என்றுதான் அதில் இல்லை. திருத்திய நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது.