காபோன்: அடவியும் ஆழியும் கூடும் தேசம்

பூமத்திய ரேகை ஊடுருவிச் செல்லும் மத்திய ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஓரத்தில் அமைந்த காபோன் தேசத்தின் நிலப்பரப்பில், நூற்றுக்கு 80 பங்குக்கும் மேலானது இன்றும் அடர்ந்த அடவியாகவே நிலைத்திருக்கிறது என்று அறியும்போது, வனங்கள் அழிந்துபோன செய்தியையே கேட்டுப் பழகிய நம் உள்ளத்தில் பேருவகை பிறக்கிறது. கடலடியில் கிடைத்த எண்ணெயும், மொவாண்டாவில் வெட்டியெடுக்கும் மாங்கனீசும் தேசத்துக்கு வருமானம் தந்தன. சொற்பமான ஜனங்களும் பெரும்பாலும் பட்டணங்களில் குடியேறினார்கள். ஆகவே காட்டைத் திருத்திக் கழனியாக்கும் நிர்ப்பந்தம் அங்கே அதிகம் ஏற்படவில்லை.

ஆனாலும் இந்த அடவி தற்செயலாக மட்டும் பிழைத்ததென்று சொல்லிவிட முடியாது. மைக் ஃபே என்னும் அமெரிக்க விஞ்ஞானி, 1999-ஆம் ஆண்டில் காங்கோவிலிருந்து புறப்பட்டு, சதுப்பையும் முட்புதரையும் கடந்து, ஓராண்டுக்கும் மேலாகக் கால்நடையாகவே நடந்து, 2000-ஆம் ஆண்டின் இறுதியில் காபோன் கடற்கரையை அடைந்தார். அவர் கண்டுவந்த அதிசயங்களைக் கேட்டறிந்த ஜனாதிபதி ஒமர் பொங்கோ, 2002-இல் 13 தேசியப் பூங்காக்களை ஒருசேரப் பிரகடனம் செய்தார். ஒரு தனி மனிதருடைய பாதயாத்திரை இவ்வளவு பெரிய பலனைத் தந்தது போற்றத்தக்கது.

அந்தப் பூங்காக்களுள் லுவாங்கோவே என் கருத்தில் முதன்மையானது. அங்கே காட்டுயானைகளும் செந்நிற எருமைகளும் மரநிழலை விட்டு வெண்மணலில் இறங்கி உலவுகின்றன. நீர்யானைகள் கடலலைக்குள்ளேயே இறங்கி நீராடுகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை கரைக்கு அப்பால் திமிங்கிலங்கள் எழுந்து மூழ்குகின்றன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2007-இல் இடம்பெற்ற லோப்பேயிலோ, புல்வெளியும் காடும் மாறிமாறி வர, வர்ணமுகம் கொண்ட மாண்டிரில் குரங்குகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகச் செல்வதைக் காணலாம். தலைநகர் லிப்ரவிலை அடுத்த ஒவெண்டோவிலிருந்து பிரான்ஸ்வில் வரை செல்லும் ரயில் லோப்பேயிலும் நிற்கிறது. வண்டி தாமதமாவது சகஜமாதலால், பிரயாணி பொறுமையையும் கட்டுச்சோற்றையும் உடன் கொண்டு செல்வது நலம்.

ஒகோவே நதிக்கரையிலுள்ள லம்பரேனேயில், 1913-இல் வைத்தியசாலை நிறுவி, 1965-இல் அங்கேயே உயிர்நீத்த ஆல்பர்ட் ஷ்வைட்சரின் சமாதி இருக்கிறது. சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அம்மகானின் பெயரால் வைத்தியசாலை இன்றும் நடந்து வருகிறது.

1960 ஆகஸ்ட் 17-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற இத்தேசத்தில் பிரெஞ்சே ஆட்சிமொழி. நாணயம், அண்டை நாடுகள் சிலவற்றோடு பொதுவாக வழங்கும் சிஎஃப்ஏ பிராங்கு. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டதற்கான சான்றிதழ் அவசியம்; மலேரியாத் தடுப்பு மருந்தையும் வைத்தியரைக் கேட்டு முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும். 2023 ஆகஸ்டில் ராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றி, 2025-இல் தேர்தல் நடந்திருப்பதால், அன்றைய நிலவரத்தை விசாரித்துப் புறப்படுவது உத்தமம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓய்ந்து பாதைகள் உலர்ந்திருக்கும். தோணியாமைகள் முட்டையிடக் கரையேறுவதைக் காண விரும்புவோர் மட்டும், மழையைப் பொருட்படுத்தாமல், டிசம்பரை ஒட்டிய மாதங்களில், லிப்ரவிலுக்கு எதிர்க்கரையிலுள்ள பொங்காராவுக்குப் படகேறலாம்.