தொடர் நாடகமும் அதன் நேயரும்

விளக்கேற்றும் வேளை வந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு மாறுதல் உண்டாவதைக் காண்கிறோம். அடுப்பில் குழம்பு கொதிப்பது மறந்துபோகிறது. வாயிற்கதவு தட்டப்படுவது செவியில் விழுவதில்லை. தொலைபேசியில் அழைப்பவர் பெற்ற மகனேயாயினும், “அரை மணி கழித்துப் பேசுகிறேன்” என்ற விடையே கிடைக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பாட்டியோ, தாயாரோ, சில வீடுகளில் ஓய்வு பெற்ற தலைமை எழுத்தரோ அசையாமல் அமர்ந்திருக்கிறார். கதையில் வரும் மருமகளுக்கு நேர்ந்த அவமானம் அவர் முகத்தில் தெரிகிறது. இளையவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.

இச்சிரிப்பு நியாயமானதுதானா என்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். தொடர் நாடகத்தின்மீது ஒருவர் கொள்ளும் பற்றினை வீண்பொழுது என்று தள்ளிவிடுதல் எளிது. அப்பற்று எங்கிருந்து பிறக்கிறது, அது மனிதருக்கு என்ன செய்கிறது என்று வினவுதல் சற்றுக் கடினம். தாய்நாட்டு மண்ணைவிட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இவ்வினா சிறப்பாகப் பொருந்தும்.

முதற்கண் ஒன்றைக் கூற வேண்டும். கதையைத் துண்டு துண்டாகக் கேட்டு, மறுநாளுக்காகக் காத்திருக்கும் பழக்கம் தொலைக்காட்சியோடு வந்ததன்று. நம் வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் தெருக்கூத்து நடைபெறும். இவ்வாறு நாட்கணக்கில் கதை வளரும். இறுதியில் துரியோதனன் உருவத்தை மண்ணால் படைத்துப் படுகளம் நிகழ்த்துவார்கள். முடிவு இன்னதென்று அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். ஆயினும் அபிமன்யு வீழும் இரவில் அழாதவரும் இலர். பின்னர் அச்சு இயந்திரம் வந்தது. வார இதழ்கள் தோன்றின. 1950-ஆம் ஆண்டு ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது, வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்தவர்களும், பக்கங்களைக் கத்தரித்துத் தைத்துப் பாதுகாத்தவர்களும் எத்தனையோ பேர். தபாலில் ஒரு நாள் தாமதமாக இதழ் வந்தால் வருந்திய வெளியூர்த் தமிழரும் அவர்களுள் அடங்குவர்.

இன்று நாம் காணும் வடிவம் உருப்பெற்றது வானொலியில்தான். அமெரிக்க நாட்டில் 1930-களில் பகல் வேளையில் இல்லத்தரசிகளுக்கென்று தொடர் நாடகங்கள் ஒலிபரப்பாயின. அவற்றின் செலவைச் சவர்க்கார நிறுவனங்கள் ஏற்றமையால் அவற்றைச் சோப்பு நாடகங்கள் என்று கேலியாக அழைத்தார்கள். 1937-இல் வானொலியில் தொடங்கிய ‘கைடிங் லைட்’ என்னும் நாடகம் 1952-இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009-இல்தான் நிறைவெய்தியது. ஒரே கதை 72 ஆண்டுகள் நடந்ததென்றால், பாட்டி தொடங்கிய கதையைப் பேத்தி தொடர்ந்து கண்டிருக்கிறாள் என்பது பொருள்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-இல் தில்லியில் பரிசோதனையாகத் தொடங்கிற்று. எனினும் தொடர் நாடகம் மக்கள் உள்ளத்தில் குடிபுகுந்தது 1984-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் ‘ஹம் லோக்’ வந்த பிறகேயாகும். ‘நாங்கள்’ என்பது அப்பெயரின் பொருள். மெக்ஸிகோ நாட்டில் மிகுவேல் சபீதோ என்பவர் எழுத்தறிவு, குடும்ப நலம் முதலியவற்றைக் கதையோடு கலந்து ஒளிபரப்பி வெற்றி கண்டிருந்தார். அம்முறையைப் பின்பற்றியே இந்நாடகம் உருவாயிற்று. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார். குடிப்பழக்கமுள்ள தந்தை பசேசர் ராம், பொறுமையே உருவான தாய் பாகவந்தி, தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள் என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அன்றாட வாழ்வே கதை. ஏறத்தாழ 17 மாதங்களில் 150-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஒளிபரப்பாயின.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, நடந்தவற்றைப் பற்றிச் சில சொற்கள் பேசுவார். இந்நாடகம் நடந்த காலத்தில் ஏறத்தாழ 4 லட்சம் கடிதங்கள் வந்தன என்று அதனை ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். தங்கள் காதல் திருமணத்திற்குப் பெற்றோரை இணங்கச் செய்யுமாறு இளைஞர்கள் அசோக் குமாருக்கு எழுதினார்கள்! திரையில் அரை நிமிடம் தோன்றும் ஒருவரைத் தங்கள் குடும்பத்துப் பெரியவராகவே அவர்கள் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

இது அறியாமையா? அன்று. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் சமூகவியலறிஞர் இருவர் 1956-ஆம் ஆண்டிலேயே இதற்கு விளக்கம் கூறினர். திரையில் தோன்றுபவர் நம்மை நோக்கிப் பேசுகிறார். குறித்த நேரத்தில் தவறாது வருகிறார். அவருடைய முகக்குறிப்புகள் அனைத்தும் நமக்குப் பழகிவிடுகின்றன. ஒருவரோடு நட்பு எவ்வாறு வளருமோ அவ்வாறே இங்கும் ஓர் உறவு வளர்கிறது. ஆனால் அது ஒருவழி உறவு. நாம் அவரை அறிவோம். அவர் நம்மை அறியார். இதனை நேயர் அறிந்தேயிருக்கிறார். அறிந்தும் அன்பு செலுத்துகிறார்.

தொடர் நாடகம் இவ்வன்பை வளர்க்கும் முறையையும் காண்போம். திரைப்படத்தைக் காண நாம் வெளியே செல்கிறோம். தொடர் நாடகமோ நம் கூடத்திற்கே வருகிறது. திரைப்படத்தில் ஒருவனுடைய இருபதாண்டு வாழ்வு மூன்று மணியில் முடிந்துவிடும். தொடர் நாடகத்தில் அவனுக்கும் நமக்கும் காலம் ஒன்றாகவே கழிகிறது. நம் வீட்டுக் குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பிற்குச் செல்வதற்குள் கதையிலும் ஒரு திருமணம், ஒரு பிரிவு, ஒரு மரணம் நிகழ்ந்திருக்கும். மேலும், ஒவ்வொரு பகுதியும் ஒரு வினாவோடு நிறுத்தப்படுகிறது. கடிதம் பிரிக்கப்படுகிறது, படிப்பவரின் முகம் மாறுகிறது, அத்தோடு அன்றைய பகுதி முடிகிறது. அடுத்த பகுதி வரையில் உள்ள இடைவெளியை நிரப்புபவர் நேயரே. குழாயடியிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் நடைபெறும் அந்த விவாதத்தில்தான் நாடகத்தின் பாதி உயிர் இருக்கிறது.

நேயர் தமக்குக் கொடுத்ததையெல்லாம் அப்படியே விழுங்குபவர் என்று எண்ணுதலும் தவறு. ‘ஹம் லோக்’ தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசத்தை மிகுதியாகக் கொண்டிருந்தது. நேயர்கள் முகம் சுளித்தார்கள். ஜோஷி உபதேசத்தைக் குறைத்துக் கதையை வளர்த்தார். மற்றொன்று இன்னும் வியப்பானது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் பாகவந்தியைக் கண்டு, இவ்வாறு இருத்தலாகாது என்று பெண்கள் உணர வேண்டும் என்பதே நாடகத்தை அமைத்தவர்களின் கருத்து. ஆனால் அவளையே சிறந்த முன்மாதிரியாகக் கொண்ட நேயர்கள் பலர் இருந்தனர் என்பதை அர்விந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் என்போரின் ஆய்வு காட்டிற்று. எழுதுபவர் நினைப்பது ஒன்று, காண்பவர் கொள்வது மற்றொன்று. ஆகவே பற்றுள்ள நேயருக்குப் பொறுப்பும் உண்டு. அழ வைப்பதெல்லாம் நல்லதன்று. பொறுமைக்கும் அடிமைத்தனத்திற்கும் உள்ள வேற்றுமையை அவரே பகுத்தறிதல் வேண்டும்.

இவ்விடத்தில் என் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற இசைவு வேண்டுகிறேன். என் தாயார் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து தில்லிக்கு வந்தார். இந்தியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் அலுவலகம் சென்றபின் சுவர்களே துணை. அடுத்த வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மையார் இருந்தார். அவர் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் அமர்ந்துதான் என் தாயார் ‘ஹம் லோக்’ கண்டார். சொல் விளங்காவிடினும் குடித்துவிட்டு வரும் கணவனும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் மனைவியும் அவருக்கு விளங்கினர். சில மாதங்களில் சொற்களும் விளங்கலாயின. காய்கறிக்காரரிடம் என் தாயார் முதன்முதலில் பேரம் பேசிய இந்தி, அந்நாடகத்துப் பாட்டியின் இந்தி!

பின்னர் 1986-இல் ‘புனியாத்’ வந்தது. பிரிவினையால் லாகூரை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. ஒருநாள் அதனைக் காணும்போது அடுத்த வீட்டு அம்மையார் வாய்விட்டு அழுதார். அவரும் 1947-இல், சிறு பெண்ணாக இருந்தபோது, எல்லைக்கு அப்பாலிருந்து வெறுங்கையோடு வந்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாண்டுகள் சுவருக்குச் சுவர் வாழ்ந்தும் நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊரைவிட்டு வந்ததை எண்ணி ஏங்கியிருந்த என் தாயார், திரும்பிச் செல்ல ஊரே இல்லாத ஒருவரின் கையை அன்று பற்றிக்கொண்டிருந்தார்.

காலம் மாறிற்று. 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. செயற்கைக்கோள் வழியே தமிழ் நம் கூடத்திற்கே வந்துவிட்டது. 1999-இல் ‘சித்தி’, 2002-இல் ‘மெட்டி ஒலி’ என்று தொடர் நாடகங்கள் வெளிமாநிலத் தமிழர் வீடுகளையும் நிறைத்தன. அந்தப் பேச்சும், அந்தப் பந்தலும், தாலியும், மஞ்சளும் ஊரையே கொண்டுவந்து தந்தன. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பேரக்குழந்தைகள் “மாப்பிள்ளை”, “சம்பந்தி” என்னும் சொற்களைக் கற்றதும் பல வீடுகளில் இவற்றின் வாயிலாகத்தான். இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. ஒரே ஒளிபரப்பு இருந்தபோது அடுத்த வீட்டாரும் நாமும் ஒரே கதைக்கு அழுதோம். அவரவர் மொழியில் அவரவர் நாடகம் வந்தபோது அவரவர் கதவும் மூடிக்கொண்டது. எங்கள் வீட்டிலும் அவ்வாறே ஆயிற்று. சில ஆண்டுகள் கழித்து ஒருநாள், மாடிப்படியில் அந்த அம்மையார், “மாதாஜி, உங்கள் வீட்டுப் பெட்டியில் தினமும் யாரோ அழுகிறாளே, ஏன்?” என்று கேட்டார். ‘மெட்டி ஒலி’யின் கதையை, ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கவலையை, என் தாயார் அரை மணி நேரம் இந்தியில் விளக்கினார். அம்மையார் தலையசைத்து, தம் மூத்த மகளின் புகுந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்று எங்கள் வீட்டில் இரவு உணவு தாமதமாயிற்று.

இன்று நிலைமை மேலும் மாறிவிட்டது. கைப்பேசியில் எந்நேரமும் எந்நாடகத்தையும் காணலாம். ஒரே இரவில் இருபது பகுதிகளையும் கண்டு முடிக்கலாம். வசதி பெருகியிருக்கிறது, காத்திருத்தல் குறைந்திருக்கிறது. காத்திருக்கும்போதுதான் ஒருவரோடொருவர் பேசினோம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே தொடர் நாடகத்தில் பற்றுக்கொண்ட முதியோரைக் கண்டு நகைப்பதை விடுத்து, அவர் அருகில் ஒரு பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். “இவள் யார்? இவன் ஏன் கோபிக்கிறான்?” என்று கேளுங்கள். அவர் கூறும் விடையில் கதை பாதியிருக்கும். அவர் வாழ்வு பாதியிருக்கும். நேயர்களாகிய முதியோருக்கும் ஒரு வேண்டுகோள்: நாடகம் முடிந்ததும் பெட்டியை அணையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். அடுத்த வீட்டிலும் ஒருவர் தம் மொழியில் ஏதோ ஒரு கதையைக் கண்டு முடித்து, அதனைச் சொல்ல ஆளின்றி அமர்ந்திருக்கக்கூடும்.