நிலவறைச் சோதனைகள் அறிவியலாகுமா?

அணுப்போர் மூண்டுவிட்டது. அபாயச் சங்கு ஊதுகிறது. மக்கள் மலையடியில் குடைந்த நிலவறைகளுக்குள் ஓடுகின்றனர். எஃகுக் கதவு மூடிக்கொள்கிறது. “பிழைத்தோம்” என்று பெருமூச்சு விடுகின்றனர். ஆனால், அந்த நிலவறை அவர்களைக் காப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. அவர்களை வைத்துச் சோதனை செய்வதற்காகக் கட்டப்பட்டது!

இது ‘ஃபால்அவுட்’ என்னும் கணினி விளையாட்டின் கதை. 1997-இல் முதற்பகுதி வெளிவந்தது. 2024-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கதையில் வரும் ஒரு நிலவறையின் கதவு வேண்டுமென்றே சரியாக மூடாதபடி செய்யப்பட்டிருக்கிறது. கதிரியக்கம் மனிதரை என்ன செய்கிறது என்று பார்க்கவாம். இன்னொன்றில், ஆண்டுதோறும் ஒருவரைப் பலி கொடுக்காவிட்டால் அனைவரும் மாள்வர் என்று பொய் சொல்லப்படுகிறது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மனிதர் இப்படிச் செய்வார்களா? செய்தால் அதிலிருந்து ஏதாவது தெரியவருமா? இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

சோதனையின் இலக்கணம்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் பயிரிடும் உழவர் ஒருவர் புதிய உரம் ஒன்றைச் சோதிக்க விரும்புகிறார் என்று கொள்வோம். சில பாத்திகளுக்கு அவ்வுரத்தை இடுவார்; சிலவற்றுக்கு இடமாட்டார். மண், நீர், விதைக்கிழங்கு ஆகிய மற்றவையெல்லாம் ஒன்றாகவே இருக்கும். அறுவடையில் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பார். ஒப்பிட ஒரு பாத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்தல், முடிவை அளந்தறிய ஓர் ஆள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது சோதனை.

விளையாட்டில் வரும் நிலவறைகளை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். சோதனைக்கு உட்படாத சில நிலவறைகளும் உண்டு என்று கதை கூறுகிறது. எனவே ஒப்பீடு ஓரளவு இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு சோதனையும் ஒரே முறைதான் நடக்கிறது. முடிவைப் படிக்க மறைவான அரசுக் குழு ஒன்று காத்திருக்கிறதாம். உலகமே அழிந்தபின், பல நிலவறைகளின் பதிவேடுகளை எடுக்க ஒருவரும் வருவதில்லை. அறுவடைக்கு ஆளில்லாத வயல் அது!

மதுரையில் ஒரு தனிமை அறை

மனிதரைத் தனி அறையில் வைத்து ஆராய்வது கதையில் மட்டும் நடப்பதன்று. நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் இதற்கென ஓர் ஆய்வறை அமைத்திருந்தனர். உள்ளே கதிரவன் ஒளி புகாது, கடிகாரம் இல்லை, வெளியாருடன் பழக்கமும் இல்லை. அதில் தங்குவோர், தாமே முன்வந்த தன்னார்வலர்கள். பசித்தபோது உண்பர், உறக்கம் வந்தபோது உறங்குவர்.

இதன் நோக்கம் யாது? நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பகலிரவு என்னும் வெளிக்குறிப்பை நீக்கிவிட்டால் அக்கடிகாரம் எவ்வாறு ஓடும் என்று அறிவதே நோக்கம். 1962-இல் பிரெஞ்சு நாட்டவரான மிஷல் சிஃப்ர் இரண்டு மாதங்கள் ஒரு குகையில் தனித்திருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே அவர் கருதினார்! பின்னர் செருமனியில் ஆண்டெக்ஸ் என்னும் ஊரில் ஆஷாஃப், வேவர் ஆகியோர் நிலவறை கட்டி நூற்றுக்கணக்கானவர்களை ஆராய்ந்தனர். மதுரைக் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தனித்திருந்த பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி அவருடைய உறக்க-விழிப்புச் சுழற்சியுடன் பிணைந்ததன்று எனக் காட்டினர்.

இவ்வாய்வுகளிலும் ஒன்று மறைக்கப்பட்டது. ஆனால் மறைக்கப்பட்டது மணி, நோக்கமன்று. மணி மறைக்கப்படும் என்பதை அறிந்தே தன்னார்வலர் உள்ளே சென்றார்.

விளக்கொளி செய்த பிழை

உடற்கடிகாரத்தின் ஒரு ‘நாள்’ ஏறத்தாழ 25 மணி நேரம் என்று அக்கால நிலவறை ஆய்வுகள் கூறின. 1999-இல் அமெரிக்க அறிஞர் சைஸ்லரும் குழுவினரும் மங்கிய ஒளியில் அளந்தபோது, அது சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று கண்டனர். வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? பழைய ஆய்வுகளில், தங்கியவர்கள் விரும்பியபோது விளக்கேற்றினர். அந்த ஒளியே கடிகாரத்தைப் பின்தள்ளியது. கவனமாக நடத்திய ஆய்விலேயே ஒரு விளக்கு இவ்வளவு பிழை செய்யுமானால், அச்சமும் பொய்யும் பசியும் கலந்த நிலவறையில் எது காரணம், எது விளைவு என்று எப்படிப் பிரித்தறிவது?

நடந்த கொடுமை

முதற்கேள்விக்கு வருவோம். மனிதர் இப்படிச் செய்வார்களா? செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டஸ்கிகீ என்னுமிடத்தில், 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களை அரசுப் பொதுநலத் துறை கண்காணித்தது. அவர்களுக்கு நோயின் உண்மைப் பெயர் கூறப்படவில்லை. பென்சிலின் கிடைத்தபின்னும் தரப்படவில்லை. இதனால் அறிவியல் பெற்ற பயனும் சிறிதே. அவர்களுள் பலர் வேறிடங்களில் மருந்து பெற்றுவிட்டதால், ‘சிகிச்சை பெறாதோர்’ என்ற அடிப்படையே கலைந்துபோயிற்று.

ஆக, கதாசிரியர் கற்பனை செய்த கொடுமை நடக்கக்கூடியதே. ஆனால் அது அறிவியல் அன்று. மறைவில் நடப்பதை வேறொருவர் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாதது அறிவாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இலேயே மனித ஆய்வுகளுக்கான அறநெறிக் கொள்கையை வெளியிட்டது. இன்று, புதிய மருந்தைச் சோதிப்பதற்கு முன் நோக்கத்தையும் தீங்கையும் விளக்கி, பங்கேற்பவரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறவேண்டும். அவர் விரும்பினால் இடையில் விலகலாம். நாளை ஏதேனும் மருத்துவமனையில் அப்படி ஒரு தாள் உங்கள் வீட்டுப் பெரியவர் கைக்கு வந்தால், கையொப்பமிடும் முன் அதை முழுவதும் படித்துக் காட்டுங்கள். உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவு அந்தத் தாள்தான்.