ஒரு பொட்டு இரத்தமும் ஒரு தராசும்



நம் ஆய்வகத்திலுள்ள மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னதான் செய்கிறது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அது ஒரு தராசு. மூலக்கூறுகளை நிறுக்கும் தராசு. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. மின்னூட்டம் இல்லாத எதுவும் அதன் கண்ணில் படாது. ஆகவே, நிறுக்க வேண்டிய பொருளுக்கு முதலில் மின்னூட்டம் ஏற்றுகிறோம். இதுவே அயனியாக்கம்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, தாளில் உலர்த்திய இரத்தப் பொட்டை எடுத்துக்கொள்வோம். அதில் சிறு வட்டம் வெட்டி, மெத்தனாலில் ஊறவைத்து, அந்தத் திரவத்தை மெல்லிய ஊசிக்குழாய் வழியே செலுத்துகிறோம். நுனியில் சில ஆயிரம் வோல்ட். திரவம் பனிபோலத் தெறிக்க, சூடான நைட்ரஜன் துளிகளை உலர்த்திவிடும். மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் மிஞ்சும். எலெக்ட்ரோஸ்பிரே எனும் இம்முறையைப் பெரிய உயிர்மூலக்கூறுகளுக்கும் பயன்படச் செய்த ஜான் ஃபென், 2002-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்து, நேர்முறையா எதிர்முறையா என்று தீர்மானிக்க வேண்டும். பினைல்அலனின் எனும் அமினோ அமிலத்தின் நிறை 165. அது ஒரு புரோட்டானை எளிதில் ஏற்பதால் நேர்முறையில் 166-ல் தெரியும். திரவத்தில் சிறிது ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் இன்னும் நன்று. ஐபுபுரூஃபன் போன்ற அமில மருந்தோ புரோட்டானை விட்டுக்கொடுக்கும். அதன் நிறை 206, எதிர்முறையில் 205-ல் காண்போம். எதிர்முறையில் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தே வைக்கிறோம், கூடினால் ஊசிமுனையில் மின்கசிவு உண்டாகும்.

ஒருமுறை, எதிர்முறையில் வேலை முடித்தபின் மாற்ற மறந்துவிட்டோம். மறுநாள் 166-ல் ஒன்றுமே இல்லை. இயந்திரம் பழுதென்று குழாய்களைக் கழற்றிப் பாதி நாளைப் போக்கினோம்!

சிரிப்புக்குரிய தவறுதான், ஆனாலும் அபாயமானது. பினைல்கீட்டோனூரியா உள்ள குழந்தைக்குப் பாலிலுள்ள பினைல்அலனினே தேங்கி மூளையைக் கெடுக்கும். முதல் சில வாரங்களுக்குள் தனி உணவு தொடங்கினால் பிள்ளை நன்றாக வளரும். வெற்று வரைபடத்தை 'குறை இல்லை' என்று வாசித்துவிட்டால்?

ஆகையால் ஒவ்வொரு மாதிரியிலும் டியூட்டீரியம் ஏற்றிய பினைல்அலனினைக் குறித்த அளவு சேர்க்கிறோம். அது 5 அலகு கனம் கூடியது. 171-ல் கட்டாயம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முடிவு எழுதுவதில்லை. அதே பொட்டிலிருந்து இன்னொரு வட்டம் வெட்டுகிறோம். ஊருக்குப் போய்விட்ட தாயை மீண்டும் பஸ் ஏற்றி வரவழைப்பதைவிட அது எளிது.