காந்தக்கல்: தீர்த்தமலை முதல் சிகிச்சை அறை வரை

தருமபுரி மாவட்டம் அரூர் அருகிலுள்ள தீர்த்தமலையில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது உண்டு. சேலம் வட்டாரத்தின் பழைய இரும்பு உலைகளில் உருக்கியதும் இவ்வகைத் தாதுவையே.

இதே சேர்மத்தை இரும்பு உப்புகளிலிருந்து ஆய்வகத்தில் நானோ துகள்களாகவும் ஆக்கலாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒன்று நானோமீட்டர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்க டெக்ஸ்ட்ரான் அல்லது சிலிக்கா பூசுவார்கள். புற்றுக்கட்டிக்குள் செலுத்திய பின், நொடிக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை அலையும் காந்தப்புலத்தில் அவை சூடேறும். கட்டி 42 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புற்றணுக்கள் நலிகின்றன; கதிர்வீச்சுச் சிகிச்சையும் அவற்றின்மீது கூடுதலாக வேலை செய்கிறது.

1957இல் கில்கிறிஸ்ட் குழுவினர் அமெரிக்காவில் இந்த வழியை முன்வைத்தனர். மூளைக்கட்டிக்கு இச்சிகிச்சையை அளிக்க ஐரோப்பாவில் 2010இல் அனுமதி கிடைத்தது.

அருகிலுள்ள காந்தத்தை இக்கல்லின் மேல் வைத்துப் பாருங்கள்.