மிதக்கும் படிக்கட்டு!

குளம் என்றால் பள்ளம் தோண்ட வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் பல வீடுகளில் தோண்டுவதே இல்லை! தரைமேல் வட்டமாகத் தகட்டுச் சுவர் நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுத் தண்ணீர் நிரப்பிவிடுகிறார்கள். சுவர் சுமார் 4 அடி உயரம். வெளியே ஏற ஓர் ஏணி. உள்ளே இறங்கப் பிளாஸ்டிக் படிக்கட்டு. வேண்டாதபோது படிக்கட்டைத் தூக்கிவிடலாம்.

இதில்தான் வம்பு! அந்தப் பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசு. பாரம் வைக்காவிட்டால் மிதக்கும். பாட்டி கால் வைத்தால் ஆடும்.

ஆகவே படியில் மணல் மூட்டை வைக்கிறார்கள். கொஞ்சம் மணல் போதாது. 10 கிலோ மணல் தண்ணீருக்குள் சுமார் 6 கிலோ கனம்தான் காட்டும். கிணற்று வாளி தண்ணீரை விட்டு மேலே வரும்வரை கனம் தெரிவதில்லையே, அதே கதைதான்!

மூட்டையை இறுகக் கட்ட வேண்டும். மணல் சிந்தினால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பம்புக்குக் கேடு. கருங்கல் ஆகாது, முனை பட்டால் விரிப்பு கிழியும். இரும்பு துருப்பிடித்துக் கறை விடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. படிக்குப் பின்னால் இடுக்கு இருந்தால், மூழ்கி விளையாடும் குழந்தை அதில் சிக்கிக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குளித்து முடிந்ததும் வெளி ஏணியை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் சிறு குழந்தை எளிதில் ஏற முடியாது.