உங்களுக்குத் தெரியுமா? சீனி வருத்தமும் மறதியும்

◆ களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தைத் தேடிக் களனிக்குப் போனால் கிடைக்காது. அது இருப்பது ராகமவில். அந்தப் பீடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ராகமப் பக்கத்தில் 65 வயது தாண்டிய 703 பேரைப் பார்த்து, 2003இல் கணக்கை வெளியிட்டார்கள். 28 பேருக்கு டிமென்ஷியா. "வயசு போனால் அறளை பெயரும்தானே" என்று நாங்கள் விட்டுவிடுகிற விஷயம்தான்.

◆ மறதியை அளக்க 30 புள்ளிக்கு ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. மேல்நாடுகளில் 24க்குக் கீழே போனால் சந்தேகப்படுவார்கள். அதே பட்டியலைச் சிங்களத்தில் ஆக்கிப் பரீட்சித்த களனி ஆய்வாளர்கள் கோட்டை 17இல் போட்டார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கு 24 என்பது அநியாயக் கணக்கு. மொழியும் அப்படித்தான். கொட்டாஞ்சேனை ஆச்சியிடம் சிங்களத்தில் கேள்வி கேட்டுவிட்டுப் புள்ளி குறைவு என்றால், குறை ஆச்சியில் இல்லை. 2005இல் வெளிவந்த மொன்ட்ரியால் என்னும் நினைவுப் பரிசோதனைக்குத் தமிழ் வடிவமே இருக்கிறது. பத்து நிமிட வேலை. பக்கத்தில் நிற்கும் மகள் விடை எடுத்துக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

◆ 2018–19இல் நாடளாவ எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு.

◆ அதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? ஹொலண்டின் ரொட்டர்டாம் நகரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் சொன்னது: நீரிழிவு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த வயதில் சீனி வந்தது என்பதும் முக்கியம். லண்டன் அரச ஊழியர்களைப் பற்றிய 2021 ஆய்வில், அறுபதுக்கு முன்பே நீரிழிவு வந்தவர்களுக்கே எழுபதுக்குப் பிறகு ஆபத்து மிகக் கூடுதலாக இருந்தது. எழுபதை நெருங்கும்போது வந்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. எங்கள் ஆட்களில் பலருக்கு நாற்பதிலேயே வந்துவிடுகிறது.

◆ முதலில் மறப்பது பேரப்பிள்ளையின் பெயரை என்று நினைக்கிறோம். நீரிழிவுக்காரரில் பெரும்பாலும் அப்படி இல்லை. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாவதால், யோசிக்கும் வேகமும் ஒரு வேலையை ஒழுங்குபடுத்திச் செய்யும் திறனும் முதலில் குறையும். பதினைந்து வருடம் கிளினிக் கொப்பியைச் சரியாக வைத்திருந்த ஒருவர் காலைக் குளிசையை இரண்டு தரம் போடுவார், இரவுக் குளிசையை விடுவார். கடையில் மிச்சக் காசை எண்ணத் தடுமாறுவார். வழக்கமான மீன்குழம்பில் எதை எப்போது போடுவது என்பதில் குழம்புவார்.

இங்கேதான் ஒரு பொறி. சீனி ஏறியிருப்பதைக் கண்ட டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவார். ஏறியதற்குக் காரணம் மருந்து போதாமை அல்ல, மருந்து போட மறந்ததுதான் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் ஞாபகமாகப் போட்டுக்கொண்டால், சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம். கலிபோர்னியாவில் 16,667 நீரிழிவு நோயாளிகளைப் பார்த்த 2009 ஆய்வில், சீனி இறங்கி ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கே டிமென்ஷியா ஆபத்து 26 வீதம் கூடுதல். மூன்று முறையோ அதற்கு மேலோ போனவர்களுக்கு 94 வீதம். மறதி மயக்கத்தைக் கொண்டுவரும், மயக்கம் மறதியைக் கூட்டும். அதனால்தான் நினைவு தடுமாறும் முதியவருக்கு எச்பிஏ1சி என்னும் இரத்தச் சீனிக் கணக்கை 7க்குக் கீழே இறக்கப் பாடுபட வேண்டாம், 8க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம்.

◆ அதே சங்கம் 65 வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை நினைவுப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. காலையும் கண்ணையும் பார்ப்பது போல இதையும் கேட்டு வாங்கலாம். கேட்டால் டொக்டர் கோபிப்பாரோ என்று தயங்குகிறவர்கள் அதிகம். தயங்க வேண்டியதில்லை.

◆ ஸ்கான் எடுக்காமலே வரப்போகும் பத்து வருட ஆபத்தைக் கணிக்க 2013இல் ஒரு புள்ளி முறை வந்தது. வயது, படிப்பு, மனச்சோர்வு, பக்கவாதம், மாரடைப்பு, காலில் ஆறாத புண், கண்ணிலும் சிறுநீரகத்திலும் வந்த பாதிப்பு – அவ்வளவும் கிளினிக் கொப்பியில் ஏற்கெனவே எழுதியிருப்பவை. இன்னொரு பக்கம் பார்சலோனாவில், விழித்திரை எவ்வளவு மங்கிய ஒளிவரை உணர்கிறது என்று அளந்து மூளையின் நிலையை முன்கூட்டி அறிய முயல்கிறார்கள். விழித்திரையும் நரம்பு மண்டலத்தின் ஒரு துண்டுதானே.

◆ எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல. மெட்ஃபோர்மினை நீண்ட காலம் போட்டால் விட்டமின் பி12 குறையலாம். அதுவும் மறதி தரும், கால் விறைப்பும் தரும். தைரொயிட் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை இவையும் அதே வேடம் போடும். இவற்றுக்கெல்லாம் மருந்தோ வழியோ உண்டு, அதனால் முதலில் இவற்றைப் பாருங்கள். டிமென்ஷியாவேதான் என்று தெரிந்துவிட்டால், குடும்பத்துக்குத் துணையாக மருதானையில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் இருக்கிறது.

◆ அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மிச்சமிருக்கும் குளிசை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு மாதத்துக்குத் தந்ததில் பாதி அப்படியே இருந்தால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் டொக்டருக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.